கெட்டில் குரல் போட்டி

முதல் முறை அந்தக் குரலைக் கேட்டபோது மார்னி நாற்காலியிலிருந்து கீழே விழுந்தாள். அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. என் வீட்டு நிலவறையில், இரண்டு கோட்டும் ஒரு போர்வையும் போர்த்திக்கொண்டு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள், அப்படியே பின்னால் சாய்ந்து சிமெண்டுத் தரையில் மல்லாந்துவிட்டாள். ஹெட்ஃபோன் கழன்று ஒரு காதில் தொங்கியது. விழுந்த பிறகும் சிரிப்பு நிற்கவில்லை. தரையில் கிடந்தபடியே கையை ஆட்டி, "இன்னொரு தடவ போடுடா ஓரின், செத்துருவேன், இன்னொரு தடவ" என்றாள். அவள் விழுந்த சத்தமும் பதிவில் இருக்கிறது. எங்கள் நிகழ்ச்சியிலேயே அதிகம் பேர் திரும்பத் திரும்பக் கேட்ட நிமிடம் அதுதான்.

இணையத்தில் நாங்கள் நடத்தும் நிகழ்ச்சியின் பெயர் 'வாளிக் கஞ்சி'. பக் டார்வில் என்று ஒருவர் இருக்கிறார். உலகம் அடுத்த மாதம் முடியப்போகிறது என்று பதினாறு வருடமாக வானொலியில் கத்திக்கொண்டிருக்கிறவர். முடிந்த பிறகு மிச்சமிருப்பவர்கள் சாப்பிட வேண்டுமே, அதற்காக இருபத்தைந்து வருடம் கெடாத கஞ்சிப் பொடியை வாளி வாளியாக விற்கிறார். அரசாங்கம் நம் தண்ணீரில் எதையோ கலக்கிறது, அதை முறிக்க வெள்ளிச் சொட்டு மருந்தும் அவரிடமே கிடைக்கும். திங்கள் முதல் வெள்ளி வரை தினம் மூன்று மணி நேரம். அதில் மிகவும் கேவலமான துண்டுகளை வெட்டியெடுத்து, சனிக்கிழமை காலையில் நானும் மார்னியும் போட்டுக் கேட்டுக் கிழிப்போம். கிழிப்பதைக் கேட்க நாற்பதாயிரம் பேர் இருந்தார்கள். பதிவின்போது வீட்டு ஹீட்டரை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மைக்கில் ஒரே உறுமலாக விழும். விஸ்கான்சினில் எங்கள் ஊரான ரசீனில் அக்டோபர் பிறந்துவிட்டால் நிலவறையில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. பேசும்போது இருவர் வாயிலிருந்தும் புகை வரும்.

எங்களுக்குள் ஒரே ஒரு சட்டம். அதற்குப் பச்சைக் காது என்று பெயர் வைத்திருந்தோம். துண்டுகளை மார்னி முன்கூட்டிக் கேட்கக் கூடாது. டார்வில் பக்கமே போகக் கூடாது, நேயர்கள் அனுப்பும் கடிதங்களையும் நான் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன். ஒலிப்பதிவு ஓடும்போதுதான் அவள் காதில் அது முதல் தடவையாக விழ வேண்டும். அப்போதுதான் சிரிப்பு நிஜமாக இருக்கும். கேட்பவர்கள் முட்டாள்கள் அல்ல, பழைய சிரிப்பை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

ஆக, வாரம் பதினைந்து மணி நேரம் அந்த ஆளின் கூச்சலை என் ஒருவன் தலையில் வாங்கிக்கொள்வேன். மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்க்கும் பட்டறையில் எனக்கு வேலை. இடது காது மேஸ்திரிக்கு, வலது காது டார்வில்லுக்கு. மார்னி சனிக்கிழமை காலை ஒரு கையில் காபியும் இன்னொரு கையில் பேக்கரிப் பெட்டியில் கிரிங்கிள் என்ற வளையக் கேக்குமாக வந்து உட்கார்ந்து, சிரித்துவிட்டுப் போவாள். கடிதம் எல்லாம் அவளுக்கு. 'மார்னியின் சிரிப்புதான் என் மருந்து' என்று ஒரு நர்ஸ் எழுதினாள். 'அந்த இன்னொரு ஆள் கொஞ்சம் குறைவாகப் பேசினால் நன்றாக இருக்கும்' என்று டுலூத்திலிருந்து ஒரு பேராசிரியர். அதை நான் மார்னியிடம் காட்டவில்லை. அழிக்கவும் இல்லை. எரிச்சல் வரும்போதெல்லாம் எடுத்துப் படித்துக்கொள்வேன்.

டார்வில் மீது அவளுக்கு இருந்த கோபம் நியாயமான கோபம். அதைச் சொல்லாமல் விட்டால் அவளுக்குத் துரோகம் செய்ததாகிவிடும். ஆறு வருடத்துக்கு முன் அவள் அம்மாவுக்கு மார்பில் கட்டி வந்தது. அப்பா வெர்னன் அப்போது டார்வில்லின் தீவிர பக்தர். டாக்டர்கள் எல்லாரும் கூட்டுக் களவாணிகள் என்று சொல்லி, மனைவிக்கு ஏழு மாதம் வெள்ளிச் சொட்டு கொடுத்தார். எட்டாவது மாதம் மார்னி அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள், அங்கே செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அடக்கத்தன்று தேவாலய வாசலில் வைத்து, "இனிமே நீ எனக்கு யாருமில்ல" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்தவள்தான். அவர் தொலைபேசி எண்ணைத் தடுத்துவிட்டாள். அவர் போட்ட கடிதங்கள் பிரிக்காமலே திரும்பிப் போயின. இதையெல்லாம் பன்னிரண்டாவது நிகழ்ச்சியில் அவளே சொல்லியிருக்கிறாள், அதையும் சிரிக்கச் சிரிக்கத்தான் சொன்னாள்.

அந்தக் குரலுக்கு வருகிறேன். அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை. "விஸ்கான்சின்லேர்ந்து ஒரு சகோதரர், பேசுங்க சகோதரா" என்றார் டார்வில். முதலில் ஒரு விசில் வந்தது, தண்ணீர் கொதிக்கும் கெட்டில் மாதிரி. அந்த விசிலுக்குள்ளிருந்து வார்த்தைகள் ஒவ்வொன்றாக ஈரத்தோடு வெளியே வந்தன.

"எங்க ஏரிக்கரைல இருக்கற கடற்காகம் எதுவும் கண்ணு சிமிட்டறதில்ல சார். ஒண்ண நாப்பது நிமிஷம் உத்துப் பாத்தேன். நான்தான் சிமிட்டினேன்."

"அதான்!" என்று டார்வில் மேஜையைத் தட்டினார். "அதத்தான் அவங்க எதிர்பாத்தாங்க சகோதரா! நீங்க சிமிட்டணும்னுதான்!"

மார்னி விழுந்தது இதற்குத்தான். எழுந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு அவருக்குக் கெட்டில் என்று பெயர் வைத்தாள். "இந்த ஆளு தொண்டைல யாரோ டீ போடறாங்கடா" என்றாள். அடுத்த வாரம் கெட்டில் மறுபடி கூப்பிட்டார். ஒரு காகத்தின் கால் வளையத்தில் இருந்த எண்ணும் அவர் வீட்டுத் தண்ணீர் மீட்டரின் எண்ணும் ஒன்றாம். அதற்கடுத்த வாரம், பகல் பன்னிரண்டு மணிக்குக் காகங்கள் எல்லாம் வடமேற்கே திரும்பி நிற்கின்றனவாம். "எங்க வீட்டுப் பூனைக்கும் விஷயம் தெரியும் சார். கேட்டா சொல்ல மாட்டேங்குது." இப்படி ஒரு ஆள் கிடைப்பதற்கு நாங்கள் எங்கள் தொழிலில் புண்ணியம் செய்திருக்க வேண்டும். நேயர்கள் கெட்டில் படம் போட்ட பனியன் கேட்டார்கள், அடித்துக் கொடுத்தோம். ஒருவருக்கொருவர் வணக்கம் சொல்வதற்குப் பதிலாக விசில் அடித்துக்கொண்டார்கள். ஜனவரியில் மில்வாக்கியில் மேடை நிகழ்ச்சி என்று அறிவித்தோம். முந்நூறு இருக்கையும் ஒரே நாளில் தீர்ந்தன. நிகழ்ச்சியின் உச்சமாகக் கெட்டில் குரல் போட்டி. வரிசையில் நின்று ஆளாளுக்குக் கெட்டில் மாதிரி பேச வேண்டும், கைதட்டல் யாருக்கு அதிகமோ அவருக்குப் பரிசு ஒரு வாளிக் கஞ்சிப் பொடி. யோசனை என்னுடையது.

டிசம்பர் முதல் செவ்வாய், காலை பதினொன்றே கால். அன்று நான் ஒரு வில்லையைப் பாழாக்கினேன். கெட்டில் வழக்கம்போல் காகத்தில்தான் ஆரம்பித்தார். ஒரு நிமிடம் டார்வில்லுக்குப் பிடித்த தீனியைப் போட்டுவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, தொனியை மாற்றினார்.

"சார், என் மக கேட்டுக்கிட்டிருப்பா. அவகிட்ட ஒண்ணு சொல்லிக்கறேன். கண்ணு, ஒம்பது வயசுல ஏரி ஐஸ் மேல மீன் பிடிக்கக் கூட்டிட்டுப் போனேனே, ஐஸ்ல வெட்டின ஓட்டைக்குள்ள நீ லாரிச் சாவியப் போட்டுட்ட. மீன் முழுங்கிருச்சுன்னு உங்கம்மாகிட்ட சொன்னோம். மூணு மைல் நடந்து வந்தோம். ஞாபகமிருக்கா? இந்தக் காக்கா கதையெல்லாம் சும்மா கண்ணு. இங்க கூப்பிட்டாத்தான உன் காதுல விழும். எனக்குத் தொண்டைய அறுத்துட்டாங்க, இப்ப நெஞ்சுக்குள்ள வந்துருச்சு. ஈஸ்டர் வரைக்கும்னு சொல்றாங்க. அம்மாவுக்கு அந்தச் சொட்டு மருந்த..."

சொட்டு மருந்து என்றதும் இணைப்பு அறுந்தது. "பாவம், நல்ல மனுஷன். லைன அவங்க கட் பண்ணிட்டாங்க, பாத்தீங்களா?" என்று சொல்லிவிட்டு டார்வில் நேராக வாளி விளம்பரத்துக்குப் போனார்.

மீன் விழுங்கிய சாவிக் கதை பன்னிரண்டாவது நிகழ்ச்சியில் இருக்கிறது. அப்பாவைப் பற்றி மார்னி திட்டாமல் சொன்ன ஒரே கதை. மெஷின் ஓடிக்கொண்டே இருக்க, என் கையிலிருந்த வில்லை நகத்தை விட மெலிந்துபோனது. மேஸ்திரி வந்து கத்தியதுகூட என் இடது காதில் விழவில்லை. வெர்னனின் கணக்கு எனக்குப் புரிந்தது. மகள் டார்வில்லைக் கிழிக்கிற தொழிலில் இருக்கிறாள், ஆகவே டார்வில் சொல்லும் ஒவ்வொரு வார்த்தையையும் கேட்பாள். உலகத்தில் எல்லாக் கதவையும் சாத்திவிட்டவள் அந்த ஒரு கதவைத் தொழிலுக்காகத் திறந்து வைத்திருக்கிறாள். பச்சைக் காது அவருக்கு எப்படித் தெரியும்? கேட்பது நான்தான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கே, மதியச் சாப்பாட்டு நேரத்திலேயே கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். நான்கு நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை வழக்கம்போல் மீன் வறுவல் சாப்பிடப் போனபோது எதிரில்தான் உட்கார்ந்திருந்தாள். முட்டைக்கோஸை ஒதுக்கி வைத்துவிட்டு என் தட்டிலிருந்து உருளைக்கிழங்கைத் திருடிக்கொண்டிருந்தாள். சட்டம் இருக்கிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மில்வாக்கி முடியட்டும் என்றும் சொல்லிக்கொண்டேன். இரண்டும் பொய். நாற்பதாயிரம் பேர் காதலிக்கும் ஒருத்திக்குத் தெரியாத ஒன்று எனக்கு மட்டும் தெரிந்திருந்தது, அது வாயில் கற்கண்டு மாதிரி இனித்தது. அதைச் சொன்னால் கெட்டில் செத்துவிடுவார், கெட்டில் செத்தால் நான் மறுபடி கொஞ்சம் குறைவாகப் பேச வேண்டிய அந்த இன்னொரு ஆள்.

சனிக்கிழமை நான்கு நிமிடப் பதிவில் முதல் ஐம்பது வினாடியைப் போட்டேன். காகம் மட்டும். மார்னி மேஜையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள். பதிவு முடிந்து ஹீட்டரைப் போட்ட பிறகு, விரல்களை அதன்முன் நீட்டிக்கொண்டு, "இந்த ஆளு குரலக் கேட்டா எனக்கு என்னமோ பண்ணுதுடா. கெட்ட சிரிப்பா வருது. நிறுத்தவே முடியல" என்றாள்.

"நல்ல குரல்" என்றேன்.

"எங்கப்பன் மட்டும் கேட்டிருந்தா அந்தக் காக்காவப் பிடிச்சு அதுக்கும் சொட்டு மருந்து ஊத்திருப்பான்."

"ஊத்திருப்பாரு" என்று சொல்லிவிட்டுக் கிரிங்கிளில் ஒரு துண்டு வெட்டிக்கொண்டேன்.

மில்வாக்கி நிகழ்ச்சி ஜனவரிக் கடைசி சனி, பிற்பகல் மூன்று மணி. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தும் ஒரு இருக்கைகூடக் காலியில்லை. பாதிப் பேர் கெட்டில் பனியனை ஸ்வெட்டருக்கு மேல் மாட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். மார்னி மேடைக்கு வந்ததும் முந்நூறு பேரும் சேர்ந்து விசில் அடித்தார்கள். நான் மேடையின் ஓரத்தில் ஒலிக்கருவிக்குப் பின்னால். எல்லா மைக்கும் என் விரலுக்குக் கீழே இருந்தன. மேடையிலிருந்து பார்த்தால் விளக்கு கண்ணில் அடிக்கும், கீழே நிற்பவர்கள் வெறும் கறுப்பு உருவங்கள். மார்னி அதையே வைத்து ஜோக் அடித்தாள். "யாரு நிக்கறீங்கன்னே தெரியல, எல்லாம் அரசாங்க ஆளுங்க மாதிரி இருக்கீங்க" என்றாள்.

போட்டிக்குப் பன்னிரண்டு பேர் மேடைக்குக் கீழே வைத்திருந்த மைக்கின் முன் வரிசையில் நின்றார்கள். முதல் ஆள் விசிலில் தேசிய கீதம் பாடினான். ஒரு பெண் கெட்டிலின் பூனையாகப் பேசினாள். ஆறாவதாக வந்த தாடிக்காரன் குரலை நடுக்கி, "மார்னி, உன் வீட்டுத் தண்ணி மீட்டர் நான்தான்" என்றான். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. மார்னி அவனுக்குப் பத்துக்கு எட்டு கொடுத்தாள்.

ஏழாவது ஆள் மைக்கை நெருங்க நேரம் எடுத்துக்கொண்டார். தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டிருந்தார், கழுத்தில் மஃப்ளர். என் மேஜை விளக்கின் வெளிச்சத்தில் எனக்கு அவர் கை தெரிந்தது. மஃப்ளருக்கு உள்ளே கட்டைவிரலை விட்டுத் தொண்டையில் எதையோ அழுத்தினார். அதற்குப் பிறகுதான் விசில் வந்தது. கூட்டம் ஓவென்று கத்தியது, அவ்வளவு அச்சு அசலாக இருந்தது.

"மார்னி" என்றார். "நான் அப்பா."

முந்நூறு பேர் வெடித்தார்கள். தண்ணி மீட்டரைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார் அல்லவா. பின்வரிசையில் யாரோ தரையை உதைத்துச் சிரித்தார்கள்.

மார்னி சிரிப்பை அடக்க மைக்கை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். "வாங்கப்பா வாங்க! எங்கப்பனவிட நீங்க நல்லாவே பேசறீங்க! காக்கா எப்படி இருக்கு?"

அவர் பேசிக்கொண்டே போனார். சிரிப்பில் அரங்கத்தில் ஒருவருக்கும் ஒரு வார்த்தை விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அந்த மைக் என் ஹெட்ஃபோனில் தனியாக வந்துகொண்டிருந்தது. அவர் சிரிப்பு அடங்கக் காத்திருந்து, அது அடங்காது என்று புரிந்துகொண்டு, அதன் ஊடாகவே சொல்லி முடித்துவிட முடிவு செய்தார். சிரிப்பு ஓர் இடத்தில் கொஞ்சம் இறங்கியது. இன்னும் இரண்டு வினாடி இறங்கியிருந்தால் அவளுக்குக் கேட்டிருக்கும். நான் அவர் மைக்கின் சத்தத்தைக் குறைத்தேன். வேண்டுமென்றேதான் குறைத்தேன். பதிவில் மட்டும் அது ஓடிக்கொண்டிருந்தது.

கடைசியில் அவர் தோள்கள் குலுங்கின. மார்னிக்கு அது மட்டும் தெரிந்தது போலிருக்கிறது. "பத்துக்கு ஏழு!" என்று கத்தினாள். "குரல் பிரமாதம். அழுகைதான் கொஞ்சம் ஓவர். கெட்டில் கொதிக்கும் சார், அழாது!"

கைதட்டலில் ஜெயித்தது அவர்தான், தண்ணி மீட்டர் கிட்டே வரவில்லை. பரிசைப் பின்வாசலில் வைத்துக் கொடுக்க வேண்டியது என் வேலை. இடைவேளையில் போனேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கிட்டத்தில் முகம் முழுக்க மஞ்சளாக இருந்தது. மார்னியின் மூக்கு அப்படியே அவர் முகத்தில் இருந்தது.

"நீங்கதான ஓரின்?" என்றார். "தம்பி, அவ சிரிச்சா இல்ல?"

"சிரிச்சாங்க சார்."

"அக்டோபர்ல என் பேச்ச மொத தடவ உங்க ரேடியோவுல கேட்டேன். என் காக்காவுக்கு அவ விழுந்து விழுந்து சிரிச்சா. அவங்கம்மா போனதுக்கப்புறம் நான் அவள சிரிக்க வச்சது அதுதான். அதுக்காகத்தான் தம்பி இன்னும் ரெண்டு காக்கா புடிச்சேன். நானாவா யோசிச்சேன், எங்கக்கா லோயிஸும் நானும் சமையக்கட்டுல உக்காந்து எழுதினோம்." மூச்சு வாங்கினார். தொண்டையில் அறுத்த ஓட்டையிலிருந்து கட்டைவிரலை எடுத்தால் குரல் நின்றுவிடும், வைத்தால்தான் வரும். "டிசம்பர்ல பேசினேனே. சாவி விஷயம். அத அவளுக்குப் போட்டீங்களா?"

"நேரம் பத்தல சார்."

இதைத்தான் சொன்னேன். பொய் சொல்கிறவனை மன்னிக்கிற பார்வை ஒன்று உண்டு, அதைக்கூட அவர் என்மேல் செலவழிக்கவில்லை. நிகழ்ச்சி என்றால் நேரக் கணக்கு இருக்கும்தானே என்று நிஜமாகவே நம்பினார். எதையும் நம்பிவிடுகிற மனிதர்.

"இன்னிக்கு அவளுக்கு ஆள் அடையாளம் தெரியலையா, இல்ல தெரிஞ்சுமா சிரிச்சா?"

"லைட்டு கண்ணுல அடிக்கும் சார்."

தலையாட்டினார். பையிலிருந்து ஒரு வீட்டுச் சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். "இது மீன் முழுங்காத சாவின்னு சொல்லுங்க. எப்ப வேணா வரட்டும். நான் படுத்திருந்தாலும் அவளே திறந்துக்கலாம்." பிறகு வாளியைப் பார்த்தார். டார்வில்லின் படம் அதன்மேல் சிரித்துக்கொண்டிருந்தது. "இத எடுத்துட்டுத்தான் போகணுமா?"

ஜெயித்தவர் வெறுங்கையோடு போனால் நன்றாக இருக்காது என்று ஏதோ சொன்னேன். எடுத்துக்கொண்டார். பன்னிரண்டு கிலோ. பின்வாசல் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வண்டிகள் நிற்கும் இடத்தில் பத்தடிக்கு ஒரு தடவை வாளியைப் பனியில் வைத்துவிட்டு நின்றார், மறுபடி தூக்கினார். அதற்குள் மணி அடித்து மேடைக்கு என்னைக் கூப்பிட்டார்கள், நான் போய்விட்டேன்.

திரும்பும் வழியில் மார்னிதான் வண்டி ஓட்டினாள். ஊர் நெருங்கும் வரை சந்தோஷமாகப் பேசிக்கொண்டே வந்தவள், ஏரி தெரிந்ததும் பேச்சை நிறுத்தினாள்.

"அந்த ஏழாவது ஆளு கடைசில என்னமோ சொன்னாரேடா. என்ன சொன்னாரு?"

"எனக்கும் கேக்கல."

"ரெக்கார்ட் ஆயிருக்கும்ல? சனிக்கிழமை போடு. பச்சைக் காதாவே கேக்கறேன். என்கிட்ட இப்ப எதுவும் சொல்லாத."

அந்தச் சனிக்கிழமை பனிப்புயலில் சாலையை மூடிவிட்டார்கள். அடுத்த சனி அவளுக்குக் காய்ச்சல். அந்தச் செவ்வாய்களில் நான் டார்வில்லைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். டெக்சாஸிலிருந்து கூப்பிட்டார்கள், ஐடஹோவிலிருந்து கூப்பிட்டார்கள். விஸ்கான்சினிலிருந்து ஒருவரும் கூப்பிடவில்லை. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் சாவி என் ஜீன்ஸ் பையில் தொடையைக் குத்திக்கொண்டிருந்தது. அதை எடுத்து மேஜைமேல் வைத்தால் போதும். மூன்று வாரமும் வைக்கவில்லை. ஆனால் பதிவைச் சுத்தம் செய்தேன். முந்நூறு பேர் சிரிப்பையும் ஒவ்வொரு இழையாக உருவியெடுத்து, அவர் குரலை மட்டும் நிறுத்தினேன். இத்தனை கவனமாக நான் எந்த வில்லையையும் தேய்த்ததில்லை. செய்யும்போது எனக்கு ஒன்று நன்றாகத் தெரிந்திருந்தது. எங்கள் நிகழ்ச்சியில் இதுவரை வந்ததிலேயே பெரியது இதுவாகத்தான் இருக்கும்.

பிப்ரவரி மூன்றாம் சனி. மார்னி இரண்டு கோட்டையும் போர்வையையும் போர்த்திக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். காய்ச்சல் விட்டு முகம் மெலிந்திருந்தது. ஹீட்டரை அணைத்தேன், அதன் உறுமல் அடங்கி, வீடு அமைதியானது. பதிவு ஓடுகிறது என்று காட்டும் சிவப்பு விளக்கைப் போட்டேன். நேயர்களுக்கு வணக்கம் சொல்லி, மில்வாக்கிக்கு நன்றி சொல்லி, "சரி, அந்த ஏழாம் நம்பர் அப்பாவக் கொண்டா" என்று ஹெட்ஃபோனை இரு காதிலும் அழுத்திக்கொண்டாள். வாய் பாதி திறந்து, சிரிக்கத் தயாராக இருந்தது.

போட்டேன்.

விசில் வந்தது, சிரித்தாள். மார்னி, நான் அப்பா. இன்னும் பலமாகச் சிரித்தாள், மேஜையைத் தட்டினாள். வெள்ளைப் புகை திட்டுத் திட்டாக அவள் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அரங்கத்தில் ஒருவருக்கும் கேட்காத இடம் அடுத்து வந்தது. "மீன் முழுங்கலன்னு உங்கம்மாவுக்கு அன்னிக்கே தெரியும் கண்ணு. உன்கிட்ட சொல்லாதன்னா. மூணு மைல் நடந்த பிள்ளைய எதுக்குத் திட்டணும்னா. அப்படிப்பட்டவளுக்கு நான் சொட்டு மருந்து குடுத்தேன். தப்புன்னு சொல்ல உன் வாசலுக்கு வர்றதுக்கு எனக்குத் தைரியமில்ல."

அவள் கை தட்டியபடியே மேஜையின்மேல் நின்றது. உதடுகள் சிரித்த மாதிரியே இருந்தன, அவற்றை மூட மறந்துவிட்டாள். வாயிலிருந்து புகை வரவில்லை. என் வாயிலிருந்து மட்டும் வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் கலைந்தது. அவள் என்னைப் பார்த்தாள். ஹெட்ஃபோனுக்குள் கெட்டில் இன்னும் பேசிக்கொண்டிருந்தார், இன்னும் ஒன்றேகால் நிமிடம் இருந்தது. நான் பையிலிருந்து சாவியை எடுத்து அவள் பக்கம் தள்ளினேன். மரத்தில் அது உரசிப் போன சத்தம் மைக்கில் தெளிவாக விழுந்தது. விழட்டும் என்றுதான் மெதுவாகத் தள்ளினேன்.

சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.